மலம், ரத்தம், தோல் சுரண்டல்: ஒட்டுண்ணியும் புழுவும் பூஞ்சையும் தேடும் வேலை வரிசை

திருநெல்வேலி, தென்காசிப் பக்கத்துச் சிறு ஆய்வகங்களில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கும், செய்முறைத் தேர்வுக்குத் தயாராகிறவர்களுக்கும் இது. ஒரு மைக்ரோஸ்கோப், ஒரு சென்ட்ரிஃபியூஜ், நாலைந்து பாட்டில் கரைசல் இருந்தால் போதும். நோய் தரும் ஓரணு உயிரிகள், குடல் புழுக்கள், தோலைப் பிடிக்கும் பூஞ்சைகள் ஆகியவற்றில் பெரும்பாலானவற்றைக் கண்டுபிடித்துவிடலாம். வரிசை தவறினால்தான் வினை. அயோடினை முதலில் விட்டவர் அமீபாவைக் கொன்றுவிட்டு, அது நகரவில்லையே என்று பார்த்துக்கொண்டிருப்பார். அளக்காமல் பெயர் சொன்னவர் தீங்கில்லாத ஒன்றுக்கு நோயாளியை மாத்திரை சாப்பிட வைப்பார்.

1. மாதிரி வருவதற்கு முன்பே தயாராக இருக்க வேண்டியவை

உப்புநீர்: 8.5 கிராம் சோடியம் குளோரைடு, ஒரு லிட்டர் காய்ச்சி வடித்த நீரில். வெறும் தண்ணீரை இதற்குப் பதிலாக வைக்கக் கூடாது. உப்பில்லாத நீரில் அமீபாவின் இயங்கும் உரு, அதாவது உறையில்லாமல் நகர்ந்து திரியும் நிலை, ஊதி உடைந்துபோகும். குழாய்த் தண்ணீரோ ஆற்றுத் தண்ணீரோ கலந்தால் அதிலிருக்கும் நீர்வாழ் உயிரிகள் ஸ்லைடில் ஓடித் திரிந்து உங்களைக் குழப்பும். பாட்டில் கொஞ்சம் கலங்கலாகத் தெரிந்தாலும் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்குங்கள்.

லூகால் அயோடின்: 100 மில்லி நீரில் முதலில் 10 கிராம் பொட்டாசியம் அயோடைடைக் கரைத்து, அது முழுதாகக் கரைந்த பிறகு 5 கிராம் அயோடினைப் போடுங்கள். மாற்றிச் செய்தால் அயோடின் அடியில் அப்படியே கிடக்கும். வெறும் நீரில் அது கரைவது மிகக் குறைவு. இது மூலக் கரைசல். மலம் பார்க்க இதில் ஒரு பங்குக்கு நான்கு பங்கு நீர் சேர்த்துப் பழுப்புப் பாட்டிலில் தேதி எழுதி வையுங்கள். நீர்த்த கரைசலை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். வெளுத்துப்போன அயோடினில் நியூக்ளியஸ் தெரியாது. நீர்க்காமல் விட்டாலும் மலம் திரிதிரியாகக் கட்டிக்கொண்டு எதுவும் தெரியாது.

10 சதவீத ஃபார்மலின்: கடையில் கிடைக்கும் 37 முதல் 40 சதவீத ஃபார்மால்டிஹைடு கரைசல் 100 மில்லி, உப்புநீர் 900 மில்லி. பாட்டிலில் 40 என்று போட்டிருக்கிறதே என்று நாலில் ஒரு பங்காக நீர்ப்பது புதியவர்கள் செய்யும் வழக்கமான தவறு. அந்த மூலக் கரைசலையே நூறு சதவீத ஃபார்மலின் என்று கணக்கில் கொள்வது ஆய்வக வழக்கம்.

பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, அதாவது கே.ஓ.எச்.: 10 கிராம் வில்லைகளை நீரில் கரைத்து 100 மில்லி ஆக்குங்கள். கரையும்போது சூடேறும், எனவே நீரில் வில்லைகளைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். பிளாஸ்டிக் பாட்டிலில்தான் வைக்க வேண்டும். கண்ணாடியை அது அரிக்கும், கண்ணாடி மூடி இறுகிக்கொண்டு திறக்கவே வராது. 10 மில்லி கிளிசரால் சேர்த்துவிட்டால் ஸ்லைடு சீக்கிரம் காயாது. பிசானப் பட்டம் முடிந்து வெயில் ஏறும் மாதங்களில் இது பெரிய உதவி.

2. கண்வில்லை அளவுகோலை ஒருமுறை சரிபார்த்து எழுதி வையுங்கள்

இதைச் செய்யாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள். கண்வில்லைக்குள் இருக்கும் கோடுகளுக்குத் தன்னளவில் எந்த அளவும் கிடையாது. ஒவ்வொரு பொருள்வில்லைக்கும் (அப்ஜெக்டிவ்) ஒரு கோட்டின் மதிப்பு மாறும்.

மேடை அளவுகோல் ஒன்றை ஒரு நாளைக்குக் கடன் வாங்கினாலே போதும். அதில் 1 மில்லிமீட்டர் 100 பகுதியாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒரு பகுதி 10 மைக்ரான். இரண்டு அளவுகோலின் தொடக்கக் கோடுகளையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்துங்கள். பிறகு எங்கே மறுபடி இரண்டு கோடுகள் சரியாகச் சேர்கின்றன என்று பாருங்கள். 40எக்ஸ் பொருள்வில்லையில் கண்வில்லையின் 40 கோடு, மேடையின் 10 பகுதியோடு, அதாவது 100 மைக்ரானோடு பொருந்தினால் ஒரு கோடு 2.5 மைக்ரான். 10எக்ஸுக்கும், எண்ணெய்த் துளி விட்டுப் பார்க்கும் ஆயில் வில்லைக்கும் தனித்தனியே செய்து, மூன்று மதிப்பையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி மைக்ரோஸ்கோப்பின் அடியில் ஒட்டிவிடுங்கள். பக்கத்து மைக்ரோஸ்கோப்புக்கு இந்த மதிப்புப் பொருந்தாது. கண்வில்லையை மாற்றினாலும் திரும்பச் செய்ய வேண்டும்.

அளவுகோல் இல்லாத இடத்தில், ரத்தம் கலந்த மலமாக இருந்தால் ரத்தச் சிவப்பணுவை ஒப்பிட்டுக்கொள்ளலாம். சுமார் 7 முதல் 8 மைக்ரான். இது அவசரத்துக்கு மட்டும்.

3. டப்பா கொடுக்கும்போதே சொல்ல வேண்டியது

டப்பாவைக் கையில் கொடுத்து “நாளைக்குக் கொண்டாங்க” என்று அனுப்பினால் என்ன வரும் என்று சொல்ல முடியாது. ஒரு நிமிடம் செலவழித்துச் சொல்லுங்கள்:

“ஆச்சி, இதுல மூத்திரம் படக்கூடாது, தண்ணியும் படக்கூடாது. ஒரு காகிதத்தை விரிச்சு அதுல இருங்க. சளியோ ரத்தமோ தெரிஞ்சா அந்த இடத்துல இருந்து இந்தக் கரண்டியால ரெண்டு கரண்டி எடுத்துப் போட்டு, மூடியை இறுக்கிட்டு உடனே கொண்டாங்க.”

மூத்திரம் இயங்கும் உருக்களைக் கொல்லும். தண்ணீரிலும் மண்ணிலும் தனித்து வாழும் புழுக்களின் இளம்புழுக்கள் உண்டு. வாய்க்கால் கரையில் தரையிலிருந்து எடுத்து வந்த மாதிரியில் அவற்றைப் பார்த்துவிட்டு ஸ்ட்ராங்கிலாய்டிஸ் என்ற குடல்புழு என்று எழுதினால் ஒருவர் வீணாக மருந்து சாப்பிடுவார்.

மருந்துக் கேள்வியை மறக்காதீர்கள். ஆன்டிபயாடிக் சாப்பிட்டிருந்தாலோ, பேரியம் கொடுத்து எக்ஸ்ரே எடுத்திருந்தாலோ ஒன்று இரண்டு வாரம் பொறுத்து மாதிரி வாங்குவது நல்லது. அதற்குள் பார்த்தால் இருப்பதும் தெரியாது. “பிள்ளைக்கு விளக்கெண்ணெய் கொடுத்தீங்களாம்மா?” என்றும் கேளுங்கள். எண்ணெய்த் துளிகள் ஸ்லைடு முழுக்கப் பரவி, நீர்க்கட்டியுருக்களைப்போலவே, அதாவது ஓரணு உயிரி உறைக்குள் அடங்கிக் கிடக்கும் சிஸ்ட் நிலையைப்போலவே, உருண்டு நிற்கும்.

ஒரு மாதிரியில் ஒன்றும் தெரியவில்லை என்றால் வேலை முடியவில்லை. ஜியார்டியா என்ற ஓரணு உயிரியும் அமீபாவும் நாள்தோறும் ஒரே அளவில் வெளியேறுவதில்லை. ஒரு நாள் விட்டு ஒரு நாளாகப் பத்து நாளுக்குள் மூன்று மாதிரி கேளுங்கள்.

கீரிப்பூச்சிக்கு மலப் பரிசோதனையே தவறான வழி. பெண்புழு இரவில் ஆசனவாய்க்கு வெளியே வந்து முட்டையிடுகிறது. மலத்தில் முட்டை வருவது அபூர்வம். பிள்ளை காலையில் எழுந்ததும், வெளிக்குப் போகும் முன், கால் கழுவும் முன், ஒளி ஊடுருவும் செல்லோ டேப்பை ஒட்டும் பக்கம் ஆசனவாய் மடிப்புகளில் அழுத்தி எடுத்து ஸ்லைடில் ஒட்டித் தரச் சொல்லுங்கள். மங்கலான டேப் வேண்டாம். அதன் வழியே ஒன்றும் தெரியாது. அம்மாவிடம் கையை நன்றாகக் கழுவச் சொல்லுங்கள்: இந்த முட்டைகள் சில மணி நேரத்திலேயே அடுத்தவருக்குத் தொற்றும் நிலைக்கு வந்துவிடும்.

4. நேரமும் கண்பார்வையும்

மாதிரி வந்ததும் டப்பாவில் நேரம் எழுதுங்கள். வெளிக்குப் போன நேரம்தான் வேண்டும். உங்களிடம் வந்த நேரத்தால் பயனில்லை.

நீராகப் போன மலத்தை 30 நிமிடத்துக்குள், பாதி இறுகியதை ஒரு மணி நேரத்துக்குள் பார்க்க வேண்டும். இறுகிய மலத்தைக் குளிர்பெட்டியில் வைத்து மறுநாளும் பார்க்கலாம். காரணம் எளிது. நீர்மலத்தில் இருப்பவை இயங்கும் உருக்கள். வெளியே வந்தால் சீக்கிரம் சாகும். இறுகிய மலத்தில் இருப்பவை உறை போட்ட நீர்க்கட்டியுருக்கள், அவை தாங்கும். எனவே காலையில் பத்து டப்பா வரிசையில் நின்றால் வந்த வரிசைப்படி எடுக்காதீர்கள். நீராக இருப்பதை முதலில் எடுங்கள்.

உவரியிலிருந்தோ களக்காட்டு மலையடிவாரத்திலிருந்தோ பஸ்ஸில் இரண்டு மணி நேரம் வெயிலில் வரும் மாதிரிக்கு, முதல் நாளே ஃபார்மலின் ஊற்றிய குழாய் ஒன்றைக் கொடுத்தனுப்புங்கள். ஒரு பங்கு மலத்துக்கு மூன்று பங்கு ஃபார்மலின், நன்றாகக் கலக்க வேண்டும். இதில் இயங்கும் உருவின் அசைவு போய்விடும். முட்டைகளும் நீர்க்கட்டியுருக்களும் உருக்குலையாமல் நிற்கும். ஃபார்மலின் இல்லாமல் பையில் ஒரு நாள் கிடந்த மலத்தில் கொக்கிப்புழு முட்டை பொரித்து இளம்புழு வந்துவிடும். அதன் சிக்கலை ஏழாம் பகுதியில் சொல்கிறேன்.

குச்சியால் கிளறிக் கண்ணால் பாருங்கள். நாடாப்புழுத் துண்டு, முழு உருண்டைப்புழு, நூல்போன்ற கீரிப்பூச்சி ஆகியவை மைக்ரோஸ்கோப் இல்லாமலே தெரியும். வாழைப்பழம் தின்னும் கைக்குழந்தையின் மலத்தில் கறுத்த இழைகள் கிடக்கும். அது பழத்தின் நார். புழு என்று பயந்து கொண்டுவருவார்கள். ஸ்லைடில் வைத்துத் தாவர அணுக்களைக் காட்டி அனுப்பிவிடலாம்.

5. உப்புநீர் இடப்பக்கம், அயோடின் வலப்பக்கம்

ஒரே ஸ்லைடில் இரண்டும். இடப்பக்கம் ஒரு துளி உப்புநீர், வலப்பக்கம் ஒரு துளி நீர்த்த அயோடின். குச்சி நுனியில் சுமார் 2 மில்லிகிராம் மலம் எடுத்து உப்புநீரில் முதலில் கலக்குங்கள். பிறகு இன்னொரு துணுக்கை அயோடினில். மாறிச் செய்தால் குச்சியோடு அயோடின் உப்புநீருக்குள் போய்விடும். அங்கிருக்கும் உயிருள்ளவை செத்துவிடும்.

சளியும் ரத்தமும் உள்ள இடத்திலிருந்து ஒரு துணுக்கு, இறுகிய மலமானால் மேற்பரப்பிலிருந்தும் உள்ளிருந்தும் ஒவ்வொரு துணுக்கு எடுங்கள். கவர் ஸ்லிப் என்ற மெல்லிய மூடுகண்ணாடியைச் சாய்த்து ஒரு விளிம்பு முதலில் துளியைத் தொடும்படி மெதுவாக இறக்குங்கள். நேராகப் போட்டால் காற்றுக்குமிழி அடைபடும்.

கனம் சரியா என்று பார்க்க ஸ்லைடைச் செய்தித்தாள்மேல் வையுங்கள். எழுத்தை வாசிக்க முடிய வேண்டும். புதியவர்களின் ஸ்லைடு பெரும்பாலும் கெட்டியாகவே இருக்கும். நிறைய வைத்தால் நிறையக் கிடைக்கும் என்ற நினைப்பு. நடப்பது தலைகீழ்: ஒளி புகாது, சிறிய உருக்கள் குப்பைக்கடியில் மறையும்.

6. பார்க்கும் வரிசை

மேடைக்கு அடியில் ஒளியைக் குவிக்கும் கண்டென்சரை இறக்கி, அதன் ஒளித்திறப்பான ஐரிஸைப் பாதிக்குமேல் மூடுங்கள். சாயமில்லாத நிறமற்ற உருக்கள் பளீரென்ற வெளிச்சத்தில் கரைந்துபோகும். ஒன்றும் தெரியவில்லை என்று வருகிறவர்களின் மைக்ரோஸ்கோப்பில் பாதிக்குப் பாதி கண்டென்சர் உச்சியில் இருக்கும்.

10எக்ஸில் உப்புநீர்ப் பக்கத்தைக் கவர் ஸ்லிப்பின் ஒரு மூலையில் தொடங்கி, மேலும் கீழுமாக, ஒவ்வொரு பட்டையும் முந்தையதைக் கொஞ்சம் தொட்டுக்கொண்டு போகும்படி முழுதும் பாருங்கள். முட்டையும் இளம்புழுவும் இதில் பிடிபடும். நடுவில் நாலு இடம் பார்த்துவிட்டு நிறுத்தக் கூடாது. உருண்டைப்புழு முட்டை ஓரத்தில் ஒன்றே ஒன்று இருக்கலாம். ஃபோகஸ் திருகை விரலால் சிறிது சிறிதாக ஆட்டிக்கொண்டே இருங்கள், எல்லா உருவும் ஒரே ஆழத்தில் கிடப்பதில்லை.

சந்தேகமான ஒவ்வொன்றுக்கும் 40எக்ஸ். முட்டை எதுவும் தெரியாவிட்டாலும் 40எக்ஸில் நிறைய இடங்களைப் பார்க்க வேண்டும். ஓரணு உயிரிகள் 10எக்ஸில் வெறும் புள்ளிகள்தான். உப்புநீரில் அசைவு பார்த்த பிறகு அயோடின் பக்கம் போய் நியூக்ளியஸ் எண்ணுங்கள்.

7. முட்டைகளும் இளம்புழுக்களும்

முதலில் நீளம், அகலம். பிறகு ஓடு. பிறகு உள்ளே இருப்பது. இந்த மூன்றும் ஒத்துப்போன பிறகே பெயர்.

உருண்டைப்புழு, அதாவது அஸ்காரிஸ்: கருவுற்ற முட்டை 45 முதல் 75 மைக்ரான் நீளம், பொன்பழுப்பு, மேலே முண்டுமுண்டான புறவுறை. கருவுறாத முட்டை 85 முதல் 95 வரை நீண்டு, உருக்குலைந்து, உள்ளே குருணைகள் நிறைந்திருக்கும். குப்பை என்று தள்ளிவிடப்படுவது இந்த இரண்டாவதுதான். புறவுறை கழன்ற முட்டையும் வரும், வழவழப்பான தடித்த ஓட்டோடு.

சாட்டைப்புழு: 50 முதல் 55 மைக்ரான், இரு முனையிலும் நிறமற்ற அடைப்பு. இதில் தவறு செய்வது கடினம்.

கொக்கிப்புழு: 60 முதல் 75 மைக்ரான், மெல்லிய நிறமற்ற ஓடு, உள்ளே நாலு முதல் எட்டுப் பிரிவு, ஓட்டுக்கும் பிரிவுகளுக்கும் நடுவே தெளிவான இடைவெளி. செருப்பில்லாமல் ஈரமண்ணில் வேலை செய்கிற, ரத்தசோகையோடு வருகிறவர்களிடம் இதை விடாமல் தேடுங்கள்.

நாடாப்புழு, டீனியா: 30 முதல் 45 மைக்ரானுக்குள் உருண்டை, ஆரக்கோடுகள் உள்ள தடித்த பழுப்பு ஓடு, உள்ளே ஆறு கொக்கி. பன்றி வழியா மாடு வழியா என்று முட்டையை வைத்துச் சொல்லவே முடியாது. “டீனியா முட்டை” என்று எழுதி நிறுத்துங்கள். பன்றி நாடாப்புழுவின் முட்டை வாய்க்குள் போனால் மூளையில் கட்டி வரை போகும். எனவே கையுறை போடாமல் எந்த மலத்தையும் தொட வேண்டாம். குட்டை நாடாப்புழுவின் முட்டையும் ஏறக்குறைய இதே அளவுதான், ஆனால் நிறமற்றது. உள்ளுறையின் இரு முனையிலிருந்தும் மெல்லிய இழைகள் கிளம்பும்.

கீரிப்பூச்சி: 50 முதல் 60 மைக்ரான், ஒரு பக்கம் தட்டை.

இளம்புழு தெரிந்தால் முதல் கேள்வி, மாதிரி எத்தனை மணி நேரம் பழையது? புதிய மலத்தில் இளம்புழு என்றால் அநேகமாக ஸ்ட்ராங்கிலாய்டிஸ். பழைய மலமானால் பொரித்த கொக்கிப்புழுவாக இருக்கலாம். 40எக்ஸில் வாய்க்குழலைப் பாருங்கள்: ஸ்ட்ராங்கிலாய்டிஸில் குட்டை, கொக்கிப்புழுவில் நீளம். உடலின் நடுப்பகுதியில் இனப்பெருக்க உறுப்பின் தொடக்கம் ஸ்ட்ராங்கிலாய்டிஸில் பெரிதாகத் தெரியும். இந்த வேறுபாட்டுக்கு எடை அதிகம். ஸ்டீராய்டு எடுக்கப்போகும் நோயாளிக்கு ஸ்ட்ராங்கிலாய்டிஸ் இருந்தால் அது உடலெங்கும் பரவி உயிரைக் குடிக்கும்.

8. ஓரணு உயிரிகள்

எண்டமீபா ஹிஸ்டாலிட்டிக்காவின் நீர்க்கட்டியுரு 10 முதல் 20 மைக்ரான், பெரும்பாலும் 12 முதல் 15. முதிர்ந்ததில் நாலு நியூக்ளியஸ், உள்ளே இருக்கும் தண்டுகளின் முனை மழுங்கியிருக்கும். எண்டமீபா கோலை சற்றுப் பெரிது, எட்டு நியூக்ளியஸ் வரை, தண்டு முனை சிராய்போலக் கிழிந்திருக்கும். அது நோய் தராது. 10 மைக்ரானுக்குக் கீழே இருந்தால் எண்டமீபா ஹார்ட்மானி, அதுவும் நோய் தராது. இந்த மூன்றையும் பிரிப்பது அளவும் நியூக்ளியஸ் எண்ணிக்கையும்தான். இரண்டாம் படியை ஏன் வற்புறுத்தினேன் என்பது இங்கே விளங்கும்.

அளவும் நாலு நியூக்ளியஸும் சரியாக இருந்தாலும் ஒரு தடை உண்டு. நோய் தராத எண்டமீபா டிஸ்பார் அச்சாக அப்படியே இருக்கும்; மைக்ரோஸ்கோப்பால் பிரிக்க முடியாது. ரத்தச் சிவப்பணுவை விழுங்கிய இயங்கும் உருவைக் கண்டால் மட்டும் ஹிஸ்டாலிட்டிக்கா என்ற பக்கம் துணிந்து சாயலாம். மற்றபடி “ஹிஸ்டாலிட்டிக்கா அல்லது டிஸ்பார்” என்றே எழுத வேண்டும். ஆன்டிஜன் பரிசோதனையோ பிசிஆரோ வேண்டுமா என்பதை மருத்துவர் முடிவு செய்வார்.

ஜியார்டியாவின் இயங்கும் உரு உப்புநீரில் உதிரும் இலைபோலப் புரண்டு புரண்டு நகரும். நீர்க்கட்டியுரு முட்டைவடிவம், 8 முதல் 19 மைக்ரான் நீளம். அயோடினில் நாலு நியூக்ளியஸும் நீளவாட்டில் ஓடும் இழைகளும் தெரியும். கொழுப்பு மிதக்கும், நாற்றமுள்ள, ரத்தமில்லாத பேதியில் இதைத் தேடுங்கள்.

கிரிப்டோஸ்போரிடியம் 4 முதல் 6 மைக்ரான்தான். உப்புநீரிலும் அயோடினிலும் ஈஸ்ட் என்று கடந்துபோவீர்கள். நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களிடமும், நாள்பட்ட நீர்ப்பேதி உள்ள குழந்தைகளிடமும் மாற்றியமைத்த அமிலநிலைச் சாயம் (மாடிஃபைட் ஆசிட்-ஃபாஸ்ட்) போட்டே ஆக வேண்டும். மலத்தை மெல்லிதாகப் பூசி, உலர்த்தி, மெத்தனாலில் நிலைப்படுத்துங்கள். கின்யூன் கார்பால் ஃபுக்சின் என்ற சிவப்புச் சாயம் 5 நிமிடம், சூடாக்க வேண்டாம். கழுவி, 1 சதவீத சல்ஃபியூரிக் அமிலம் 2 நிமிடம். மெத்திலீன் நீலம் 1 நிமிடம். உருக்கள் சிவப்பாக நிற்கும், ஈஸ்ட் நீலமாகும். காசநோய்ச் சளிக்கு வைத்திருக்கும் கடும் அமிலத்தை இதற்கு எடுத்தால் சிவப்பு முழுக்கப் போய்விடும். அலமாரியில் இரண்டு பாட்டிலும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் ஒருநாள் இது நடந்தே தீரும், தள்ளி வையுங்கள்.

9. ஏமாற்றுகிறவை

தவறான ரிப்போர்ட்டுகளில் பெரும்பங்கு இங்கிருந்துதான் வருகிறது.

சீழ் அணு: நியூக்ளியஸ் மூன்று நாலு மடலாகப் பிரிந்திருப்பதால் அமீபாவின் நீர்க்கட்டியுரு என்று எண்ணத் தோன்றும். மடல்களை மெல்லிய இழை இணைக்கும். சுற்றிலும் தெளிவான உறை இருக்காது. பாக்டீரியாப் பேதியில் இவை நிறைய வரும். அமீபாச் சீதபேதியில் சீழ் அணு பெரும்பாலும் குறைவு.

பேரணு, அதாவது மேக்ரோஃபேஜ்: சிவப்பணுவை விழுங்கியிருக்கும், மெல்ல நகரவும் செய்யும். நியூக்ளியஸ் உடல் அளவோடு ஒப்பிட்டால் பெரிது. அமீபாவின் நகர்வு ஒரு திசையில் கால் நீட்டிப் போகும் நகர்வு.

மாவுமணி: சோறு தின்கிற ஊரில் எல்லா மலத்திலும் உண்டு. அயோடினில் கருநீலமாக மாறிவிடும். இதற்காகவே இரண்டு துளியும் வேண்டும்.

ஈஸ்ட்: மொட்டு விடும், நியூக்ளியஸ் தெரியாது. செடியின் மயிர்: இளம்புழு போல வளைந்து கிடக்கும், ஒரு முனை ஒடிந்திருக்கும், குடலோ வாய்க்குழலோ இருக்காது. மகரந்தம்: முட்டை போலிருக்கும், அளந்தால் எந்த முட்டையின் அளவிலும் அடங்காது. காற்றுக்குமிழியும் எண்ணெயும் ஃபோகஸை ஆட்டினால் பளிச்சென்று ஒளிவளையம் காட்டும், உள்ளே ஒன்றும் இருக்காது.

10. குறைவாக இருப்பதைச் சேர்த்தெடுத்தல்

ஈர ஸ்லைடைப் பார்த்து முடித்த பிறகே இது. இப்படிச் சேர்த்தெடுக்கும் செறிவூட்டலில் இயங்கும் உருக்கள் அழிந்துவிடும்.

1 கிராம் மலத்தை 7 மில்லி 10 சதவீத ஃபார்மலினில் கலக்கி, இரண்டு மடிப்பு காஸ் துணியில் வடிகட்டுங்கள். கூம்பு நுனிக் குழாயில் எடுத்து 3 மில்லி ஈத்தர் அல்லது எத்தில் அசிடேட் சேர்த்து, மூடி, ஒரு நிமிடம் பலமாகக் குலுக்குங்கள். மூடியை மெல்லத் திறந்து அழுத்தத்தை வெளியேற்ற வேண்டும். எத்தில் அசிடேட் போதும். ஈத்தர் மிக எளிதில் தீப்பற்றும். பன்சன் அடுப்பு எரியும் அறையில் திறக்கவே கூடாது.

புவியீர்ப்பைப்போல 500 மடங்கு விசையில் 2 முதல் 3 நிமிடம் சுழற்றுங்கள். அச்சிலிருந்து குழாய் நுனி வரை 15 செ.மீ. இருந்தால் நிமிடத்துக்குச் சுமார் 1,700 சுற்று. சுற்று எண்ணை மட்டும் வேறு ஆய்வகத்திலிருந்து கடன் வாங்காதீர்கள். சென்ட்ரிஃபியூஜின் சுழலும் கை நீளம் மாறினால் விசையும் மாறும்.

மேலிருந்து கீழே நாலு அடுக்கு: கரைப்பான், குப்பை அடைப்பு, ஃபார்மலின், அடிவண்டல். குச்சியால் அடைப்பைச் சுவரிலிருந்து விடுவித்து, மேல் மூன்றையும் ஒரே வீச்சில் கவிழ்த்து ஊற்றுங்கள். தயங்கி நிமிர்த்தினால் குப்பை வண்டலில் விழும். குழாயின் உட்சுவரைப் பஞ்சுக்குச்சியால் துடைத்துவிட்டு வண்டலில் ஸ்லைடு போடுங்கள்.

நிறைவுற்ற உப்புக்கரைசலில் மிதக்கவிடும் முறையும் உண்டு, செலவு குறைவு. கொக்கிப்புழு முட்டைக்கு நன்று. ஆனால் கருவுறாத உருண்டைப்புழு முட்டை அதில் மிதக்காது. 30 நிமிடத்துக்குமேல் வைத்தால் மிதந்தவையும் சுருங்கும்.

11. ரத்த ஸ்லைடு

மலேரியாவுக்குத் தடித்த பூச்சும் மெல்லிய பூச்சும் சேர்த்தே எடுக்க வேண்டும். தடித்தது இருக்கிறதா என்று சொல்லும், மெல்லியது எந்த இனம் என்று சொல்லும்.

மெல்லியதை மட்டும் மெத்தனாலில் நிலைப்படுத்துங்கள். தடித்ததில் மெத்தனால் பட்டால் சிவப்பணுக்கள் கரையாது. பிறகு எதையும் பார்க்க முடியாது. இரண்டும் ஒரே ஸ்லைடில் இருந்தால் மெல்லிய பக்கத்தைக் கீழே சாய்த்துத் தோய்க்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் தடித்த பூச்சு காய நேரமெடுக்கும். அவசரத்துக்குச் சுடர்மேல் காட்டினால் அதுவே நிலைப்படுத்திவிடும். காயும்போது மூடி வையுங்கள், எறும்பும் ஈயும் ரத்தத்தைத் தின்றுவிடும்.

10 சதவீத ஜீம்சா சாயம் 10 நிமிடம், அல்லது 3 சதவீதம் 30 முதல் 45 நிமிடம்; தாங்கல் (பஃபர்) நீரின் பிஎச் 7.2. 6.8 தாங்கலில் போட்டால் வைவாக்ஸ் என்ற மலேரியா இனத்தைக் காட்டும் ஷுஃப்னர் புள்ளிகள் தெரியாமல் போகும், இனம் மாறிப்போகும். இல்லை என்று எழுதுமுன் தடித்த பூச்சில் ஆயிலில் குறைந்தது 100 புலங்கள் (ஒரே பார்வையில் தெரியும் வட்டம் ஒரு புலம்) பார்க்க வேண்டும். உறையாமலிருக்க இ.டி.டி.ஏ. சேர்த்த ரத்தமானால் ஒரு மணி நேரத்துக்குள் பூச்சு போடுங்கள். நேரம் போனால் உருக்கள் சிதையும். சிவப்பணுமேல் கிடக்கும் தட்டணுவை மலேரியாவின் வளையவுரு என்று எண்ணாதீர்கள்: அதைச் சுற்றி வெளிறிய வளையம் இருக்கும், நீலச் சைட்டோபிளாசமும் சிவப்புப் புள்ளியும் தனித்தனியே தெரியாது.

யானைக்கால் நோயின் நுண்புழுவுக்கு இரவு ரத்தம். உச்சம் இரவு 10 முதல் 2 மணி வரை. பகலில் எடுத்து இல்லை என்று எழுதுவது ஸ்லைடை வீணாக்குவது. உச்செரேரியா இனத்தின் நுண்புழுவில் உறை உண்டு, வால் நுனியில் நியூக்ளியஸ் கிடையாது. இன்னொரு யானைக்கால் புழுவான புரூஜியா மலாயியில் வால் நுனியில் இரண்டு நியூக்ளியஸ்.

12. பூஞ்சைக்குக் கே.ஓ.எச்.

படர்தாமரையில் சுரண்டும் இடம் விளிம்பு. நடுவில் ஆறிக்கொண்டிருக்கும்; பூஞ்சை வளர்வது சிவந்து தடித்த ஓரத்தில். 70 சதவீத ஆல்கஹாலால் துடைத்து, உலரவிட்டு, மழுங்கிய கத்தி முனையால் செதில்களை ஒரு கறுப்புக் காகிதத்தில் விழும்படி சுரண்டுங்கள். பவுடரும் களிம்பும் துடைக்காமல் போனால் எண்ணெய்த் துளிதான் தெரியும். பூஞ்சைக் களிம்பு தடவிக்கொண்டிருப்பவரானால் இரண்டு வாரம் நிறுத்திவிட்டு வரச் சொல்வது நல்லது.

செதிலில் ஒரு துளி கே.ஓ.எச்., கவர் ஸ்லிப், 10 முதல் 20 நிமிடம். லேசாகச் சூடுகாட்டலாம், கொதிக்கவிட்டால் படிகம் கட்டிப் புலம் பாழாகும். நகத்துக்கு 20 முதல் 40 சதவீதக் கரைசலில் இரவு முழுக்க ஊற வேண்டும். நகத்தின் அடிப்பக்கத் தூளை எடுங்கள், நுனியை வெட்டி அனுப்பினால் செத்த பகுதிதான் வரும்.

தேட வேண்டியது: ஒரே அகலத்தில், கிளைவிட்டு, குறுக்குச் சுவரோடு, தோல் அணுக்களின் எல்லையைத் தாண்டி ஓடும் இழை. அணுக்களின் எல்லையை ஒட்டியே வளைந்து வளைந்து போவது பூஞ்சையல்ல; அணு ஓரங்களில் தெரியும் போலிவலை. புதியவர்கள் பூஞ்சை உண்டு என்று எழுதுவதில் பெரும் தவறு இதுதான். பருத்தி நூலும் ஏமாற்றும், குறுக்குச் சுவர் இருக்காது. தேமலில் குட்டை இழைகளும் கொத்துக் கொத்தாக உருண்டை ஈஸ்டும் சேர்ந்து தெரியும். நடவுக் காலத்துச் சேற்றுப்புண்ணில் இழைப்பூஞ்சையும் உண்டு, கேண்டிடா என்ற ஈஸ்டும் உண்டு, பாக்டீரியாவும் உண்டு. பார்க்காமல் சொல்ல முடியாது.

வளர்க்க வேண்டுமானால் குளோரம்ஃபெனிகாலும் சைக்ளோஹெக்சிமைடும் சேர்த்த சபுரா அகார் என்ற வளர்ப்பூடகத்தில் 25 முதல் 30 டிகிரியில் நாலு வாரம். சைக்ளோஹெக்சிமைடு ஆஸ்பர்ஜில்லஸ் போன்ற பல பூஞ்சைகளையே அடக்கிவிடும். எனவே நெல் உமி பட்ட கண்புண்ணின் சுரண்டலை, கண் மருத்துவர் எடுத்துத் தருவதை, சைக்ளோஹெக்சிமைடு இல்லாத அகாரில் போடுங்கள்.

காலில் வீங்கி ஓட்டை விட்டுச் சீழ் வடியும் விவசாயியிடம், சீழில் மணி, அதாவது கிருமி திரண்ட சிறு குருணை, இருக்கிறதா என்று காஸ் துணியில் தேடுங்கள். மணியைக் கே.ஓ.எச்.சில் நசுக்கினால் 2 முதல் 5 மைக்ரான் அகல இழை தெரிவது பூஞ்சை. 1 மைக்ரானுக்கும் மெல்லியதானால் பாக்டீரியா, அதற்கு கிராம் சாயம் போடுங்கள். இரண்டுக்கும் மருந்து முற்றிலும் வேறு.

13. ரிப்போர்ட் எழுதுதல்

பெயர், நிலை, அளவு மூன்றும் வேண்டும்: “ஜியார்டியா, நீர்க்கட்டியுரு, புலத்துக்கு ஒன்று இரண்டு.” நிலை எழுதாத ரிப்போர்ட்டால் மருத்துவருக்குப் பாதிப் பயன்தான். நோய் தராத இனத்தையும் பெயர் சொல்லி எழுதி, நோய் தராதது என்று குறிப்பிடுங்கள். அசுத்தமான நீரோ உணவோ உள்ளே போயிருக்கிறது என்று அது காட்டும். ஒன்றும் தெரியாவிட்டால் “பார்த்த இந்த மாதிரியில் ஒட்டுண்ணி தென்படவில்லை” என்று எழுதுங்கள், மாதிரி எத்தனையாவது என்பதோடு.

14. மேசையைக் காலி செய்தல்

ஸ்லைடும் கவர் ஸ்லிப்பும் கண்ணாடிக்கான நீலக் குறியிட்ட, குத்துப்படாத பெட்டியில். மீதி மலமும் வளர்ப்புத் தட்டுகளும் ஆட்டோகிளேவ் முடித்தே வெளியே போக வேண்டும். மேசையை ஹைப்போகுளோரைட்டால் (பிளீச்) துடைப்பது பாக்டீரியாவுக்குச் சரி. கிரிப்டோஸ்போரிடியம் அதற்குச் சாகாது. உருண்டைப்புழு முட்டை ஃபார்மலினிலும் பல நாள் உயிரோடிருந்து உள்ளே இளம்புழுவாக வளரும். ஆகவே ஃபார்மலின் குழாயையும் புதிய மலத்தைப்போலவே கையுறையோடு தொடுங்கள். பார்த்த ஸ்லைடில் சந்தேகம் இருந்தால் கவர் ஸ்லிப் ஓரத்தில் நகப்பூச்சு அடைத்து ஈரப்பெட்டியில் வையுங்கள். மூத்தவர் வந்து பார்க்கும்வரை சில மணி நேரம் காயாமல் இருக்கும்.